அவோரலும் லியோனலும் துணைக்கு வந்தால்: கார்டினல்களை ஆட்டத்தில் ஓட்டுவது எப்படி?

பகடைமுகம்

மூன்றரைப் பதிப்பு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடற கதையாட்டம்). ஆட்டக்காரர்கள் நாலு பேர், எல்லாரும் 8-ஆம் லெவல். கிளெரிக் (பூசாரி) நியூட்ரல் குட், விசார்ட் (மந்திரவாதி) லாஃபுல் குட், ஃபைட்டர் (போர்வீரன்) சுத்த நியூட்ரல், ரோக் (திருட்டு வித்தைக்காரன்) கேயாட்டிக் நியூட்ரல். இதெல்லாம் குணநிலை: குட்னா நல்லது, லாஃபுல்னா சட்டம், கேயாட்டிக்னா கட்டற்றது, நியூட்ரல்னா நடு. எதிரிகள் டெவில் கூட்டம். அதுக்குத் தலைவன் மாயத்தோற்றத்துல ஒளிஞ்சு திரியறவன்.

கார்டினல்னு சொல்ற விலங்குவடிவ நல்ல தெய்வப்பிறவிகள்ல ரெண்டு பேரைக் கொண்டுவரணும்: பாதி வழியில ஒரு அவோரல் (பருந்துவடிவம்) குழுவோட சேரணும், கடைசிக் கட்டம் எலிசியத்துல (அவங்களோட சொந்த உலகம்) ஒரு லியோனலோட (சிங்கவடிவம்) நடக்கணும். இது என் திட்டம். அவோரலை கிளெரிக்கே லெஸ்ஸர் பிளேனர் ஆலாய் (பிற உலகத் துணையை வரவழைக்கிற மந்திரம்) போட்டு வரவழைக்கலாம்னு நினைக்கிறேன். செலவு எவ்வளவு வரும்? இந்த ரெண்டு பேரும் வந்தா ஆட்டக்காரர்களுக்கு வேலை இல்லாம போயிடுமா? நல்ல குணம் உள்ள ஒரு தெய்வப்பிறவியை "எல்லாத்தையும் நீயே செஞ்சிடேன்"னு கேட்டா அது ஏன் மறுக்கணும்? இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்பக் குடையுது.

வெள்ளிமுனை

முதல் தடையே அந்த மந்திரம்தான். லெஸ்ஸர் பிளேனர் ஆலாய் 6 ஹிட் டைஸ் (பிறவியின் வலிமையைக் காட்டும் பகடை எண்ணிக்கை) வரைதான் அழைக்கும். அவோரலுக்கு 7. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் விதிப்படி வராது. அடுத்த படி பிளேனர் ஆலாய். அது 12 ஹிட் டைஸ் வரை போகும், ஆனால் 6-ஆம் நிலை மந்திரம் என்பதால் கிளெரிக் 11-ஆம் லெவல் எட்ட வேண்டும். அப்போது 12 ஹிட் டைஸ் உள்ள லியோனலும் சரியாக அந்த எல்லைக்குள் வரும்.

8-ஆம் லெவலில் கணக்குக்குப் பொருந்துவது ஹவுண்ட் ஆர்க்கன். நாய்த்தலை, 6 ஹிட் டைஸ், லாஃபுல் குட். செலவு இப்படி: ஹிட் டைஸ் ஒன்றுக்கு, காஸ்டர் லெவலுக்கு (மந்திரம் போடுபவரின் லெவல்) ஒரு நிமிடம் பிடிக்கும் வேலைக்கு 100 தங்கக் காசு, ஒரு மணி நேரம் என்றால் 500, ஒரு நாள் என்றால் 1,000. உங்கள் கிளெரிக்கிற்கு 8 நிமிட வேலை 600, 8 மணி நேரம் 3,000, 8 நாள் 6,000. இவை தவிர 100 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போகும், மந்திரம் போடவே 10 நிமிடம் ஆகும். 8-ஆம் லெவல் பாத்திரத்தின் மொத்தச் சொத்து விதிநூல் கணக்கில் 27,000 காசு என்பதை வைத்துப் பார்த்தால் ஒரு பகல் துணைக்கே ஒன்பதில் ஒரு பங்கு கரையும்.

இதில் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மறக்கக்கூடாத வரிகள் மூன்று. ஆபத்தில்லாத வேலைக்குப் பாதி விலைதான். வேலை அந்தப் பிறவியின் கொள்கையோடு அழுத்தமாக ஒத்துப்போனால் அது பாதியாகக் குறைக்கலாம், வேண்டாம் என்றே சொல்லலாம். மூன்றாவது, யார் வருவார் என்பதைத் தெய்வம்தான் தீர்மானிக்கும். பெயர் சொல்லிக் கேட்டாலும் வேறு ஒருவர் வரலாம்.

ஆகவே அவோரலை மந்திரத்தால் வரவழைக்காதீர்கள். அது தன் வேலையாக வந்த இடத்தில் குழுவைச் சந்திக்கட்டும்.

ஓசியானஸ்

வெள்ளிமுனை சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டாலே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அதற்கு முன் கார்டினல் என்றால் யார் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இழையைப் புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவும். (முதல் எழுத்தை "கருடன்" என்பதில் ஒலிப்பதுபோல ஒலிக்க வேண்டும். திருச்சபைக் கார்டினல் வேறு.)

தெய்வப்பிறவிகளில் மூன்று பெருங்குலங்கள். ஆர்க்கன்கள் சட்டத்தின் வழியே நன்மை செய்பவர்கள், படிநிலையும் கட்டளையும் உண்டு. எலட்ரின்கள் கட்டற்றவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, நன்மையை நன்மைக்காகவே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கார்டினல்கள். மனித உடலும் விலங்கின் தலையும் தோலும் சிறகுமாக இருப்பார்கள். பிளேன்ஸ்கேப் காலத்தில், 1990-களில் வந்தவர்கள். கொம்புள்ள செர்விடல், குதிரைவடிவ ஈக்வைனல், ஓநாய்வடிவ லூபினல், கரடிவடிவ அர்சினல், பருந்துவடிவ அவோரல், சிங்கவடிவ லியோனல். மஸ்டெவல் என்ற கீரி அளவுச் சிறியவர்களும் உண்டு, தூதும் வேவும் அவர்கள் வேலை. லியோனல்களில் முதல்வன் டாலிசிட், அவனைச் சுற்றி ஐந்து தோழர்கள்.

ஆட்டத்தில் இவர்கள் சரியாக வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டிஎம் இவர்களைச் சிறகுள்ள சாமியார்களாகப் பேசவைத்துவிடுகிறார். கார்டினல் உபதேசம் செய்வதில்லை. விலங்கின் கவனம் அதற்கு இருக்கிறது. அவோரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழடி உயரம், எடை 120 பவுண்டுதான், எலும்புகள் உறுதியானவை ஆனால் உள்ளே கூடு. கைகளே சிறகுகள். சிறகின் நடுமூட்டில் சிறிய கைகள். பறக்காத நேரத்தில்தான் அவை கையாகப் பயன்படும். ஆகாயத்தில் கால்நகங்களால் கிழிக்கும், தரையில் நின்றால் சிறகால் அறையும். பத்து மைல் தூரத்துப் பொருளின் நுணுக்கம் அதன் கண்ணுக்குத் தெரியும். இருநூறு தப்படிக்கு அப்பால் நிற்பவரின் கண்ணின் நிறத்தைச் சொல்லிவிடும் என்பார்கள்.

இந்த ஒரு விவரமே நடிப்புக்குப் போதும். ரோக் பேசும்போது அவோரல் அவன் முகத்தைப் பார்க்காது, கழுத்தில் துடிக்கும் நரம்பைப் பார்க்கும். "உன் குதிரை வலது பின்னங்காலை ஊன்றத் தயங்குகிறது" என்று சொல்லிவிட்டு நடக்கும். "நான் எலிசியத்திலிருந்து வந்திருக்கிறேன்" என்று ஒரு முறைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

தாள்பென்சில்

விதியில கொஞ்சம் கவலை இருக்கு. அவோரலுக்கு ட்ரூ சீயிங் (மாயத்தைத் தாண்டி உள்ளதை உள்ளபடி பார்க்கற திறன்) இருக்கு. பகடைமுகம் சொன்ன மாயத்தோற்ற வில்லன் அவோரல் கண்ணுல பட்ட அந்த நிமிஷமே கதை முடிஞ்சது. அதனால அந்த வில்லனை மாத்தணும், இல்லேன்னா அவோரலோட இந்தத் திறனைக் கழட்டணும். எனக்கு ரெண்டாவதுதான் சுலபம்னு படுது.

வெள்ளிமுனை

கழற்ற வேண்டாம், விதியை முழுக்கப் படித்தாலே போதும். அவோரலின் ட்ரூ சீயிங் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு இல்லை. ஒரு முழுச் சுற்று கவனத்தைக் குவித்த பிறகே அது தொடங்கும், குவித்திருக்கும் வரைதான் நிற்கும். மூன்றரையில் கவனத்தைத் தொடர்வது ஒரு சுற்றின் முக்கியச் செயலான ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன். அதாவது உண்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவோரல் தாக்க முடியாது, மந்திரம் விட முடியாது, நகரலாம், அவ்வளவுதான். "யாரைச் சந்தேகிக்க வேண்டும்" என்று ஆட்டக்காரர்கள் சொன்னால்தான் அது பயன்படும். வில்லனுக்கும் இது தெரிந்திருந்தால் அவோரலைச் சண்டையில் இழுத்துவிட்டே கண்ணை மறைத்துவிடுவான். இது திட்டத்தைக் கெடுக்காது, நல்ல காட்சியைக் கொடுக்கும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு திறன்கள்.

ஒன்று, டைமென்ஷன் டோர் (ஒரே தாவலில் வேறிடம் போவது). கணக்கில்லாமல், நினைத்தபோதெல்லாம். காஸ்டர் லெவல் 8 என்பதால் 720 அடி தாண்டும். மூன்று லெவலுக்கு ஒருவர் வீதம் இரண்டு பேரைக் கூட்டிப்போகும். நாலு பேர் குழுவை மூன்று தாவலில் (இரண்டு பேரை விட்டு, திரும்பி வந்து, மீதி இரண்டு பேரோடு) எந்தப் பூட்டுக்கும் அகழிக்கும் மதிலுக்கும் அப்பால் சேர்த்துவிடும். ரோக் கற்றுவைத்த வித்தையெல்லாம் அன்றே வீண்.

இரண்டு, எய்ட். இதுவும் கணக்கில்லாதது. ஒருவருக்கு 1d8+8 (எட்டுமுகப் பகடை ஒன்றை உருட்டி 8 கூட்டியது) தற்காலிக ஹிட் பாயின்ட் (உயிர் அளவு), தாக்குதலுக்கு +1, பயத்துக்கு எதிரான சேவுக்கு (தீங்கைத் தவிர்க்க உருட்டுவது) +1, 8 நிமிடம். சராசரி 12.5 பாயின்ட் வீதம் நாலு பேருக்கும் நாலு சுற்றில் போட்டுவிட்டுச் சண்டைக்குள் போனால் அது 50 பாயின்ட் இலவசம், ஒவ்வொரு சண்டைக்கும். திரும்பத் திரும்பப் போட்டு ஏற்ற முடியாது, அதிகமானது எதுவோ அது மட்டும் நிற்கும்.

இவற்றோடு ஒப்பிட்டால் அதன் அடி சாதாரணம்தான். நகம் +13, 2d6+2, சுற்றுக்கு இரண்டு. மேஜிக் மிஸைல் நாலு அம்பு, சராசரி 14. லைட்னிங் போல்ட் 8d6, நாளுக்கு மூன்று. உங்கள் ஃபைட்டரும் விசார்டும் இதைத் தாண்டுவார்கள். குணப்படுத்தும் தொடுகைக்கு ஒரு நாளைக்கு அதன் முழு ஹிட் பாயின்ட் அளவு, 66, எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பலர் மேசையில் தவறவிடுவது: ஸ்பெல் ரெசிஸ்டன்ஸ் (மந்திர எதிர்ப்பு) 25 நண்பனின் கையையும் தடுக்கும். காயமான அவோரலுக்கு உங்கள் கிளெரிக் கியூர் (குணப்படுத்தும்) மந்திரம் போட்டால் d20+8 உருட்டி 25 எட்ட வேண்டும். 17-க்குக் கீழே விழுந்தால் மந்திரம் வீண். ஐந்தில் ஒரு முறைதான் பலிக்கும். அவோரல் தானாக அதை இறக்கி வைக்கலாம், ஆனால் அதற்கு அதன் ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன் போகும், அடுத்த முறை வரும்போது ரெசிஸ்டன்ஸ் தானே ஏறிவிடும். லியோனலுக்கு 28. 8-ஆம் லெவல் கிளெரிக் 20 உருட்டினால்தான் உண்டு.

பகடைமுகம்

ட்ரூ சீயிங் விஷயத்துல நானும் தாள்பென்சில் மாதிரிதான் நினைச்சிருந்தேன். இப்ப அந்தச் சந்திப்புக் காட்சியே கண்ணுக்குத் தெரியுது: ஆட்டக்காரங்க "அவனைப் பாரு"ன்னு சொல்ற வரைக்கும் அவோரலுக்கும் அவன் வெறும் வணிகன்தான்.

ஆனா டைமென்ஷன் டோரை என்ன பண்றது? எடுத்துட்டா ஏமாத்துற மாதிரி இருக்கு.

ஓசியானஸ்

எடுக்காதீர்கள். அவோரலுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள், அந்த வேலை குழுவின் வேலையாக இருக்கக்கூடாது. இதுதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில். கார்டினல் மறுப்பது சோம்பலாலோ, "நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும்" என்ற வாத்தியார்த்தனத்தாலோ அல்ல. அது ஏற்கெனவே ஒரு நன்மையைச் செய்துகொண்டிருக்கிறது, அதைப் பாதியில் விட முடியாது.

உதாரணமாக: டெவில்கள் துரத்தும் ஒரு கிராமத்து மக்கள் மலைப்பாதையில் நடந்துகொண்டிருக்கிறார்கள், அறுபது பேர், குழந்தைகளும் கிழவர்களும். அவோரல் அவர்களுக்கு மேலே வட்டமிட்டுக் காவல் காக்கிறது. குழுவினர் கோட்டைக்குள் போக வேண்டும். "எங்களை மதிலுக்கு அப்பால் விட்டுவிடு" என்று கேட்டால் விடும், மறுக்காது. ஆனால் அந்த ஒன்றிரண்டு நிமிடம் பாதைக்கு மேலே காவல் இல்லை. அந்த விலையை ஆட்டக்காரர்களிடம் அது ஒளிவுமறைவில்லாமல் சொல்லும்: "நான் இறங்கினால் கிழக்கு முகட்டை யாரும் பார்க்கவில்லை. உங்களில் ஒருவர் அங்கே நிற்கிறீர்களா?" இப்போது அந்தத் திறன் இலவசமில்லை. ரோக்கே "வேண்டாம், பூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பான்.

அது கேட்டதைக் கொடுக்கும் கற்பகத்தருவாகாமல் இருக்க இன்னும் ஒரு வழி, அதன் மறுப்புகளை முன்னரே எழுதிவைத்துக்கொள்வது. மூன்று போதும். சரணடைந்தவனை வதைக்கும் இடத்தில் நிற்காது, தடுக்கும். பொய் வாக்குக்குச் சாட்சியாக இருக்காது. தான் காவல் ஏற்றவர்களை இன்னொருவர் பொறுப்பில் விடாமல் நகராது. இந்த மூன்றும் குறிப்பேட்டில் இருந்தால் நடு ஆட்டத்தில் தடுமாற மாட்டீர்கள். எழுதிவைக்காத டிஎம் அன்றைய வசதிக்கு மறுப்பார். ஆட்டக்காரர்கள் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

எத்தனை அமர்வு கூட வரலாம் என்றால், என் கருத்தில் இரண்டு. மூன்றாவது அமர்வில் அவோரல் கூடவே இருந்தால் திட்டம் போடும் பேச்செல்லாம் அதைச் சுற்றியே நடக்கும்.

சிறகுவால்

பாத்ஃபைண்டர் (மூன்றரை வழிவந்த இன்னொரு ஆட்டம்) முதல் பதிப்பில் இதே வேலையை ஆகாதியன்கள் செய்கிறார்கள், அவர்கள் இடம் நிர்வாணா. அவோரலும் லியோனலும் அங்கேயும் உண்டு. இருவரும் திறந்த உரிமத்தில் இருந்ததால் பெயரோடு வந்துவிட்டார்கள். மற்றவை புதிதாகச் செய்தவை. திமிங்கலச் சாயலில் செட்டேசியல், நரிவடிவில் வல்பினல், டிராகன்வடிவில் டிராக்கோனல், பூனைவடிவில் சில்வன்ஷீ.

ஓசியானஸ் சொன்ன "இரண்டு அமர்வு" எல்லை பெரிய பிறவிகளுக்குச் சரி. நெடுநாள் கூட வர வேண்டுமென்றால் சிறியதை எடுங்கள். சில்வன்ஷீயை இம்ப்ரூவ்டு ஃபமிலியர் ஃபீட் (சிறந்த துணைப்பிராணியைத் தரும் தனித்திறன்) மூலம் 7-ஆம் லெவலில் எடுத்துக்கொள்ளலாம். கூட்டாளியின் வெற்றியைத் திருடாமல் உதவுவதற்கென்றே செய்த பிறவி அது. தன் கரிஸ்மா மாடிஃபையரைத் (ஆளுமைக்கான கூட்டல்) தன் சேவ்களிலெல்லாம் கூட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒரு முறை 30 அடிக்குள் இருக்கும் ஒரு நண்பருக்கு அதே கூட்டலைப் 10 நிமிடம் கொடுக்கும். பூனை உருவிலேயே பனிமூட்டம்போல மாறிக் கதவிடுக்கில் நுழையும். மேசையில் அது எப்போதும் "ஒரு சேவைக் காப்பாற்றிய பூனை" என்றே நினைவில் நிற்கும், "சண்டையை முடித்த பூனை" என்று அல்ல.

மூன்றரையில் இதற்கு நேர் மஸ்டெவல். பகடைமுகத்தின் குழுவிற்கு அவோரலை இரண்டு அமர்வு, மஸ்டெவல் ஒன்றைத் தூதாக நெடுகிலும் என்று பிரிக்கலாம்.

வெள்ளிமுனை

லியோனலுக்கு வருகிறேன். அவோரலைவிட இதில்தான் விபத்து அதிகம், எல்லாமே நல்லெண்ணத்தால் நடக்கும் விபத்து.

காகிதத்தில்: 12 ஹிட் டைஸ், 114 ஹிட் பாயின்ட், வேகம் 60 அடி, சவால் மதிப்பு 12. அவோரலின் டேமேஜ் ரிடக்‌ஷன் "10, தீமை அல்லது வெள்ளி" (தீமையோ வெள்ளியோ அல்லாத அடியில் 10 கழியும்). லியோனலுடையது "10, தீமை மற்றும் வெள்ளி". ஒரு சொல்தான் மாறுகிறது. டெவிலின் நகங்கள் தீமையாகக் கணக்கிடப்படுவதால் அவோரலை அப்படியே கிழிக்கும். லியோனலைத் தொட அதே டெவில் கையில் வெள்ளி ஆயுதமும் வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு அடியிலும் 10 கழியும். ஆகவே டெவில் கூட்டத்துக்கு முன்னால் லியோனல் தாளில் தெரிவதைவிட இருமடங்கு நிலைத்து நிற்கும். சமன் செய்ய வேண்டுமானால் தலைவனிடம் ஒரு வெள்ளி வாள் கொடுங்கள். அவன் அதை எங்கிருந்து பெற்றான் என்பது கதைக்கும் ஒரு நூல்.

இப்போது காப்பு வளையம். லியோனலைச் சுற்றி 20 அடிக்குள் நிற்கும் எவருக்கும் தீயவர்களின் தாக்குதலுக்கு எதிராக ஏசி (அடி படாமல் காக்கும் எண்) +4, சேவ் +4. ஆட்டக்காரர்கள் உடனே அதன் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள். அங்கேதான் கண்ணி. அதே வளையம் லெஸ்ஸர் குளோப் ஆஃப் இன்வல்னரபிலிட்டியாகவும் வேலை செய்கிறது: மூன்றாம் நிலை வரையுள்ள எந்த மந்திரமும் உள்ளே இருப்பவரைத் தொடாது. எதிரியுடையது மட்டுமல்ல, உங்கள் கிளெரிக்குடையதும்தான். கியூர் லைட், மாடரேட், சீரியஸ் மூன்றும் பலிக்காது. ஹேஸ்ட் (வேகம் கூட்டும் மந்திரம்) போட்டுக்கொண்டு வளையத்துக்குள் ஓடினால் உள்ளே இருக்கும் வரை ஹேஸ்ட் அமுங்கிக்கிடக்கும், வெளியே வந்தால் திரும்பும். பலம் கூட்டும் புல்ஸ் ஸ்ட்ரெங்த்தும் அப்படியே. கியூர் கிரிட்டிக்கல் நான்காம் நிலை, அது பலிக்கும். லியோனலிடமே அது நாளுக்கு மூன்று உண்டு, ஹீல் ஒன்று. குணப்படுத்தும் தொடுகை மந்திரமே அல்ல, ஆகவே அதுவும் பலிக்கும்.

உள்ளிருந்து வெளியே மந்திரம் விடத் தடையில்லை. எனவே நிற்க வேண்டிய முறை: விசார்ட் வளையத்துக்குள், ஃபைட்டர் விளிம்புக்கு ஓரடி வெளியே, கிளெரிக் அவனுக்குப் பின்னால் வெளியே. வரைபடத்தில் 20 அடி வட்டத்தை முதலிலேயே வரைந்துவிடுங்கள். யாராவது வளையத்தை டிஸ்பெல் செய்தால் (மந்திரத்தால் முறித்தால்) லியோனல் தன் அடுத்த முறையில் நேரம் செலவாகாத ஃப்ரீ ஆக்‌ஷனாகவே திரும்ப எழுப்பிவிடும், வட்டத்தை அழிக்க அவசரப்படாதீர்கள்.

கடைசியாக அந்தக் கர்ஜனை. நாளுக்கு மூன்று, 60 அடிக் கூம்பு, ஹோலி வேர்ட் மந்திரத்தின் பலனோடு 2d6 ஒலிச் சேதம். ஹோலி வேர்ட் தாக்குவது "தீயவர்களை" அல்ல, "நல்லவரல்லாதவர்களை". உங்கள் ஃபைட்டரும் ரோக்கும் நியூட்ரல். கர்ஜனைக்குக் காஸ்டர் லெவல் தனியாக எழுதப்படவில்லை. காப்பு வளையத்துக்கு ஹிட் டைஸை எடு என்று சொல்லியிருப்பதால் 12 என்றே எடுக்கலாம். அப்படியானால் 12 லெவல் உள்ளவருக்குச் செவிடு, 11 வரை குருடும் செவிடும், 7 வரை அவற்றோடு முடக்கம், 2 வரை மரணம். சிலர் மந்திரத்திறன்களுக்கான 10-ஐ எடுப்பார்கள். உங்கள் 8-ஆம் லெவல்காரர்களுக்கு இரண்டிலும் ஒரே முடிவுதான்: சேவ் தவறினால் 2d4 சுற்று குருடு, 1d4 சுற்று செவிடு. அவர்கள் பின்னால் வரும் 7-ஆம் லெவல் கூலிப்படையாளுக்கு 12-ஐ எடுத்தால் 1d10 நிமிட முடக்கம்.

பகடைமுகம்

ஃபைட்டரும் ரோக்கும் கூம்புக்குள்ள நிக்கிற மாதிரிதான் கடைசிச் சண்டையை வரைஞ்சு வெச்சிருந்தேன்.

வெள்ளிமுனை

அது மட்டும் இல்லை, இடமும் எலிசியம் என்றீர்கள். ஹோலி வேர்டில் இன்னொரு வரி: சொல்பவர் தன் சொந்தத் தளத்தில் (உலகில்) இருந்தால், நல்லவரல்லாத வெளித்தளத்தவர் உடனே அவரவர் ஊருக்குத் துரத்தப்படுவார்கள், 24 மணி நேரம் திரும்ப முடியாது. காதில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. வில் சேவ் உண்டு, −4 கழித்து. பூமியில் நடந்த சண்டையில் லியோனலின் கர்ஜனை யாரையும் அனுப்பாது. எலிசியத்தில் உங்கள் ஃபைட்டரும் ரோக்கும் வெளித்தளத்தவர்கள். கடைசிச் சண்டையின் முதல் சுற்றிலேயே பாதிக் குழு வீட்டில் இருக்கும்.

ஓசியானஸ்

இதைப் பிழையாகப் பார்க்காமல் காட்சியாக மாற்றலாம். லியோனலுக்குத் தன் குரலின் விளைவு தெரியாமல் இருக்காது. சண்டைக்கு முன் அது ஃபைட்டரிடம் வந்து நிற்கட்டும். ஆறடி உயரம், 270 பவுண்டு, பிடரி அவன் தோளை உரசும் தூரம். "நான் வாய் திறந்தால் என் பின்னால் நில். முன்னால் நின்றால் உன்னை இழப்பேன்." அவ்வளவுதான். அந்த வரிக்குப் பிறகு ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றும் சிங்கத்தின் முகம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டேதான் நகர்வார். கர்ஜிக்கும் சுற்றுக்கு முந்தைய சுற்றில் அது மூச்சை இழுப்பதைச் சொல்லிவிடுங்கள். விதிநூலில் அப்படி ஒரு முன்னறிவிப்பு இல்லை, ஆனால் இதைச் சேர்த்தால் கர்ஜனை ஆட்டக்காரர்கள் திட்டமிட்டுப் பயன்படுத்தும் ஆயுதமாகிவிடும்.

இன்னொன்று, டிடெக்ட் தாட்ஸ் அதற்குக் கணக்கில்லாமல் உண்டு. ரோக் மறைத்துவைத்திருக்கும் இரகசியம் ஏதாவது இருந்தால் லியோனல் வரும் நாளில் வெளியே வந்துவிடும். நல்ல பிறவி அனுமதியில்லாமல் மனத்தைப் படிக்குமா?

சிறகுவால்

படிக்காது என்பேன். எதிரி என்று தெரிந்தவனிடம் மட்டும். விருந்தாளியின் மனத்தைத் திறந்து பார்ப்பது நியூட்ரல் குட்டுக்கு ஒவ்வாது.

தாள்பென்சில்

எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மத்தவங்க உயிர் அதோட காவல்ல இருக்கும்போது, முன்பின் தெரியாத நாலு பேரைப் படிக்காம உள்ள விட்டா அதுதான் பொறுப்பில்லாத்தனம். படிக்கும், ஆனா படிச்சேன்னு நேரா சொல்லும். "நீ எதையோ மறைக்கிற. அது இவங்களுக்குக் கேடு இல்லைன்னு பார்த்துட்டேன். மீதி உன்னோடது." ரோக் ஆடறவருக்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்குமா?

ஓசியானஸ்

ஒப்புக்கொள்கிறேன், இது சிறகுவாலின் பதிலைவிட நல்ல பதில். காவல் காப்பவன் பார்க்கத்தான் வேண்டும், பார்த்ததை மறைக்கத்தான் கூடாது.

தாள்பென்சில்

ஐந்தாம் பதிப்பில் ஆடறவங்களுக்காக ஒரு குறிப்பு. 2014 மான்ஸ்டர் மேனுவல்ல (பிறவிகளோட விதிநூல்) கார்டினல் எதுவும் கிடையாது. தெய்வப்பிறவிகள்னு பார்த்தா ஏஞ்சல்கள், கோவாட்டில், எம்பிரியன், பெகாசஸ், யூனிகார்ன்தான். 2023-ல வந்த பிளேன்ஸ்கேப் தொகுப்புலதான் அவோரல், ஈக்வைனல், மஸ்டெவல் மூணும் திரும்ப வந்தாங்க. லியோனல் அதுல இல்ல, நாமளே செய்யணும்.

செய்யும்போது மூன்றரை எண்களை அப்படியே தூக்கிட்டு வராதீங்க. ஸ்பெல் ரெசிஸ்டன்ஸை மேஜிக் ரெசிஸ்டன்ஸா மாத்துங்க, சேவ்ல அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி நல்லதை எடுக்கிறது). நண்பனோட கியூர் மந்திரத்துக்குச் சேவே கிடையாதுங்கறதால பழைய சிக்கலும் தீர்ந்துடும். காப்பு வளையத்தைக் குளோப் இல்லாம வெறும் சேவ் கூட்டலா வைங்க. பாலடினோட (புனித வீரன்) ஆரா மாதிரி 10 அடி போதும். கர்ஜனைக்கு "லியோனல் தேர்ந்தெடுக்கும் பிறவிகள்"னு ஒரு சொல் சேர்த்துட்டா நியூட்ரல் கூட்டாளி பிழைச்சான். ஆனா ஓசியானஸ் எழுதின அந்த எச்சரிக்கைக் காட்சியைப் படிச்சப்புறம், நான் அந்தச் சொல்லைச் சேர்க்காமலே விட்டுடுவேன்.

அழைக்கிற வழி: 2014 விதியில கான்ஜூர் செலஸ்டியல் 7-ஆம் நிலை, சவால் மதிப்பு 4 வரை, ஒரு மணி நேரம், கான்சன்ட்ரேஷன் (விடாத கவனம்) வேணும். கோவாட்டில் சரியா 4. 9-ஆம் நிலையில போட்டா 5 வரை, அப்ப யூனிகார்ன் வரும். 2024 விதியில அந்த மந்திரம் யாரையும் அழைக்கிறதில்ல, ஒளித்தூண் மட்டும்தான். பிளேனர் ஆலாய் ஐந்திலயும் இருக்கு. கட்டணம் நிமிஷத்துக்கு 100, மணிக்கு 1,000, நாளுக்கு 10,000 காசு, பத்து நாள் வரைக்கும்.

எலிசியத்துக்கு ஒரு விருப்ப விதியும் இருக்கு, பகடைமுகம் மூன்றரையிலயும் எடுத்துக்கலாம். அங்க ஒவ்வொரு நீண்ட ஓய்வு முடிஞ்சதும் டிசி 10 (எட்ட வேண்டிய எண்) விஸ்டம் சேவ். தவறினா இன்னொரு ஓய்வு எடுக்காம அந்த இடத்தை விட்டுப் போக மனசு வராது. மூணு தடவை தவறினா, தானா எப்பவும் கிளம்ப மாட்டாங்க. வலுக்கட்டாயமா வெளிய கொண்டுவந்தாலும் திரும்பிப் போகவே துடிப்பாங்க. டிஸ்பெல் ஈவில் அண்டு குட் மந்திரம் அதைப் போக்கும். சேவ் கூட்டல் 0 உள்ளவர் 45 சதவீதம் தவறுவார், சராசரியா ஏழாவது ஓய்வுக்குள்ள மாட்டிப்பார். +3 உள்ளவருக்குப் பத்து. அதனால எலிசியத்துல நாலு இரவுக்கு மேல கதையை இழுக்காதீங்க.

ஓசியானஸ்

அந்த விதியை மந்திரத் தாக்குதல்போல விவரிக்காமல், காலையில் எழுந்ததும் கால் வலிக்கவில்லை, பழைய காயம் உறுத்தவில்லை என்று சொல்லுங்கள். முதல் அடுக்கு அமோரியாவில் ஓசியானஸ் ஆற்றங்கரையில் முகாம் போட்டால் அது இயல்பாக வரும். கடைசிச் சண்டைக்கு எரோனியா நல்லது, மலையும் பள்ளத்தாக்கும், கர்ஜனையின் கூம்பிலிருந்து ஒதுங்கப் பாறை கிடைக்கும். மூன்றாவது பெலியரின் சதுப்பு. அங்கே அடைத்துவைக்கப்பட்டவை வேறு கதை. நான்காவது தலேசியா பெரும்பாலும் கடல்.

பகடைமுகம்

எல்லாருக்கும் நன்றி. இப்ப திட்டம் இப்படி. மலைப்பாதையில அவோரல், ரெண்டு அமர்வு, மூணு மறுப்பும் எழுதியாச்சு. கிளெரிக் அழைக்க ஆசைப்பட்டா ஹவுண்ட் ஆர்க்கன், டெவில்களுக்கு எதிரான வேலைங்கறதால பாதி விலை, 8 மணி நேரத்துக்கு 1,500. எரோனியாவுல லியோனல். டெவில் தலைவன் கையில வெள்ளி வாள். ரெண்டு இரவு மட்டும். லியோனல் ரோக்கோட மனசைப் படிச்சுட்டுச் சொல்லும்.

ஒரே ஒரு சந்தேகம்: கர்ஜனை வரும்னு தெரிஞ்சு ஃபைட்டர் வளையத்துக்குள்ளயே நின்னா பாதுகாப்பா? குளோப் தடுக்காதா?

வெள்ளிமுனை

தடுக்காது. ஹோலி வேர்ட் ஏழாம் நிலை, குளோப் மூன்று வரைதான். ஏசி, சேவ் கூட்டலும் தீயவர்களின் செயலுக்கு எதிராகத்தான், லியோனலின் சொந்தக் குரலுக்கு அல்ல. கூம்பு அதன் முகத்திலிருந்து தொடங்குவதால் வளையத்துக்குள் முன்பக்கம் நிற்பவர்தான் முதலில் மாட்டுவார். ஒலிச் சேதத்துக்கு நல்லவர் என்ற விலக்கும் எழுதப்படவில்லை, ஆகவே கிளெரிக்கும் விசார்டும்கூட முன்னால் நிற்க வேண்டாம். கட்டம் போட்ட தாளில் லியோனலின் முகத்துக்கு ஓர் அம்புக்குறி வரைந்து, ஒவ்வொரு சுற்றிலும் அதைத் திருப்பிக்கொண்டே இருங்கள்.